நிலவறைச் சுவரும் தரையும்

தில்லியில் வீடு தேடி அலைந்த நம்மவர் பலருக்குப் 'பேஸ்மெண்ட்' என்னும் சொல் முதலில் ஒரு மயக்கத்தை உண்டாக்கியிருக்கும். நம் ஊர்க் கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று கூறுவது நிலத்திற்கு மேல் எழும் பீடத்தை. தலைநகரத்தார் அச்சொல்லால் குறிப்பதோ நிலத்திற்குக் கீழே தோண்டிக் கட்டிய அறையை. அதனை நாம் நிலவறை என்போம். மே மாதத்து அனற்காற்று வீசுங்கால் அங்கே இறங்கினால் குளிர்ச்சி. ஜூலையில் மழை தொடங்கினாலோ சுவரெங்கும் ஓதம்.

ஓதத்தைத் தடுக்க நீர்க்காப்புச் செய்வித்தவுடன் சுவரையும் தரையையும் அழகுபடுத்த முற்படுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. நாமும் செய்தோம். மார்ச் மாதத்தில், வெளிப்புறம் மண்ணைத் தோண்டி, சுவருக்கு நீர்க்காப்பு நடந்தது. அடுத்த பதினைந்தே நாளில் ஒப்பந்தக்காரர் உட்புறம் பாரிஸ் சாந்து பூசி, வண்ணம் தீட்டி, ஒரு பக்கம் ஒட்டுப்பலகையும் அடித்துச் சாவியைக் கையில் கொடுத்தார். ஊரிலிருந்து கொணர்ந்த தந்தையாரின் நூல்களை அங்கே அடுக்கினோம். ஆகஸ்டில் பூச்சுப் பொரிந்து உதிர்ந்தது. பலகையின் பின்னே பூஞ்சணம். நூல்களில் பாதி வீணாயின. சுவரைப் பெயர்த்து ஆராய்ந்தபோது நீர்க்காப்பில் குறையில்லை என்பது தெரிந்தது. அவசரமே குறை.

காரணம் எளிதே. ஆண்டுக்கணக்கில் நனைந்த செங்கல், புதிய நீர் வருவது நின்ற பின்னரும், உண்ட நீரைத் தன்னுள் வைத்திருக்கும். வெளிப்புறம் அடைபட்டமையால் அந்நீர் அறையின் பக்கமாகவே வெளியேற வேண்டும். வெளியேறும்போது கரைந்த உப்பையும் சுமந்து வந்து மேற்பரப்பில் பூக்கும். சுவர் உலர்வது மாதத்திற்கு ஓர் அங்குலம் என்பது கட்டட வேலையில் வழங்கும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் ஒரு பக்கமாக மட்டும் உலர்வதாயின் எத்தனை மாதமாகும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். தில்லியின் வறண்ட கோடையும் மின்விசிறியும் இக்காலத்தைச் சற்றுக் குறைக்கும். பதினைந்து நாளாகக் குறைத்துவிடா.

ஆதலின் முதலில் பழைய பூச்சை, ஓதக் கோட்டிற்கு மேல் ஒரு முழம் வரை, முற்றும் கொத்தி எடுத்துவிட வேண்டும். உப்பெல்லாம் அதில்தான் தங்கியிருக்கும். செங்கல் இடுக்குகளில் இற்றுப்போன சாந்தைச் சுரண்டுக. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்துக் கூட்டி வெளியே எறிக. நீரூற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே புகும். இதனை நம் வேலையாட்களிடம் மும்முறை சொல்ல வேண்டியிருந்தது.

சுவர் உலர்ந்ததா என அறிய ஒரு வழியுண்டு. முழச் சதுரமான பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் காற்றுப் புகாதவாறு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பினால் சுவர் இன்னும் ஈரத்தைக் கக்குகிறது. வெளிப்புறம் அரும்பினால் குற்றம் அறைக்காற்றினது. மழைக்காலத்து ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிந்து நீராகிறது. அத்தகைய நாட்களில் 'காற்றோட்டம் நல்லது' என்று சன்னல்களை முழுதும் திறந்து வைப்பது ஓதத்தை விருந்துக்கு அழைப்பது போலாகும்.

உலர்ந்த சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. எஞ்சிய ஈரம் அதனூடே ஆவியாகிச் செல்லும். பாரிஸ் சாந்து ஈரம் பட்டால் இளகிவிடும். மேலே எண்ணெய் வண்ணம் வேண்டா. முதலிரண்டு ஆண்டுகள் வெள்ளையடிப்பே போதும். அண்டை வீடு ஒட்டி நிற்பதால் வெளியே தோண்ட இயலாது உட்புறமே நீர்க்காப்புப் பூசியவர்கள் வேறொன்றில் கவனமாயிருக்க வேண்டும்: அச்சுவரில் ஆணி அறையலாகாது. ஓர் ஆணி துளைத்தாலும் காப்புப் பழுதாகும். அலமாரியைத் தரையில் நிறுத்திச் சுவரினின்று நான்கு விரல் விலக்கி வைக்கலாம்.

தரையில் பலவீனமான இடம் நடுப்பகுதியன்று. தரையும் சுவரும் கூடும் மூலையே. அங்கே சாந்தைக் குழைவாக வளைத்துப் பூசி, தரையின் காப்புப் படலத்தைச் சுவரில் ஒரு சாண் ஏற்றி, சுவரின் காப்போடு இணைக்க வேண்டும். பிறகே அதன்மேல் காவலாக ஒரு சாந்துப் படுகை. அதன்மேல் கோட்டாக் கல். படலத்தின்மேல் நேரே கல்லை இறக்கினால் கூரிய முனை கிழித்துவிடும். தரை ஒரு மூலையிலுள்ள குழியை நோக்கிச் சற்றே சரிந்திருத்தல் நன்று. மரத்தளமும் கம்பளமும் ஓராண்டு காத்திருக்கட்டும். பம்பாயில் புதிதாகக் கட்டும்போதே ஷாஹாபாத் கற்பலகைகளால் பெட்டிபோல் நிலவறையைச் சூழ்ந்துவிடும் வழக்கம் உண்டு; பழைய வீட்டுக்காரர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

இத்தனையும் மண்ணிலிருந்து கசியும் நீருக்கே காப்பு. தெருவிலிருந்து பாயும் வெள்ளத்திற்கு அன்று. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் ஒரு நிலவறைக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். ஆகவே நிலவறையில் எவரையும் உறங்க விடுவதில்லை என்று நம் இல்லத்தில் முடிவு செய்தோம். புதுப்பூச்சின்போது மின்சாரப் பொருத்துவாய்களை இடுப்புக்கு மேலே உயர்த்தி, அறையின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் விசையை மாடிப்படியின் தலைப்பில் அமைத்தோம். எஞ்சிய நூல்கள் இப்போது மேல்தளத்தில் இருக்கின்றன.