கோச் பாதி, வாத்தியார் பாதி

ஹைதராபாத், கச்சிபௌலி. பாட்மின்டன் அகாடமியில், ஆடுகளத்தின் நடுவே உயரமான ஓர் இளம்பெண். சுற்றிலும் சக ஆட்டக்காரர்கள். அவருக்கு இடப்பட்ட உத்தரவு விசித்திரமானது: வாய்விட்டுக் கத்த வேண்டும். அதுவரை ராக்கெட்டைத் தொடக்கூடாது. பி.வி. சிந்து அழுதேவிட்டார். பிறகு கத்தினார். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வெள்ளிப் பதக்கம் வரை அந்தக் கர்ஜனை டி.வி. வழியே நாடு முழுக்கக் கேட்டது.

கேட்பவருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்தின் கணக்கு வேறு. சிந்துவின் ஸ்மாஷில் பழுதில்லை. கூச்சம்தான் கோளாறு. பாடத்தைத் தொடங்குமுன் மாணவரைப் படிக்க வேண்டும் என்பது வாத்தியார்களுக்குத் தெரிந்த பழைய சங்கதி. மைதானங்களில்தான் அது அபூர்வம். எல்லோருக்கும் பத்து ரவுண்டு ஓட்டம், எல்லோருக்கும் அதே திட்டு!

கிடாம்பி ஸ்ரீகாந்துக்கு வேறு பாடம். இரட்டையர் ஆட்டத்தில் இருந்தவரை ஒற்றையருக்குத் திருப்பிவிட்டார் கோபிசந்த். 2014 சீன ஓபன் இறுதி ஆட்டத்தில் ஸ்ரீகாந்திடம் தோற்றவர் சாட்சாத் லின் டான்.

இதெல்லாம் வெற்றிக் கதை. வாத்தியாருக்கான உண்மையான பரீட்சை அதே 2014-ல் வந்தது. லண்டன் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்ற சாய்னா நேவால், அகாடமியை விட்டு பெங்களூரில் விமல் குமாரிடம் போய்விட்டார். மறு ஆண்டே உலகத் தரவரிசையில் முதலிடம், உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. மாணவி வேறு வகுப்புக்குப் போய் நன்றாகத் தேறிவிட்டால் பழைய வாத்தியார் என்ன சொல்வார்? நம் விளையாட்டு உலகில் வழக்கமான பதில்கள் இரண்டு: 'நன்றிகெட்டவள்' அல்லது 'அஸ்திவாரம் நான் போட்டது'.

கோபிசந்த் இரண்டையும் சொல்லவில்லை. அந்தப் பிரிவு தன்னை வருத்தியதை 2020-ல் வெளியான ஒரு புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். 2012-க்குப் பின் சிந்து வேகமாக முன்னேறினார். அதற்காக சாய்னாவைப் புறக்கணிக்கும் எண்ணம் தனக்கு இருந்ததில்லை. ஆனால் அதை அவருக்குப் புரியவைக்கத் தவறியிருக்கலாம் என்பது அவர் தன்மீதே வைத்த விமர்சனம். துரோணாச்சாரியார் விருது (2009) பெற்றவரிடமிருந்து இது சாதாரண வாக்குமூலம் அல்ல. மாணவர் தோற்றால் மாணவர் சரியில்லை என்று கைகழுவும் கோச்சுகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

இதில் மனசு மட்டுமல்ல, நேரமும் சம்பந்தப்பட்டது. வீட்டை அடமானம் வைத்து 2008-ல் எழுப்பிய அகாடமி, 2006 முதல் தலைமை தேசியப் பயிற்சியாளர் பொறுப்பு, கூடவே ஒவ்வொரு சாம்பியனுக்கும் தனிக் கவனம். மூன்றையும் ஒரே ஆள் சுமப்பது எப்படி?

2017-ல் சாய்னா கோபிசந்திடமே திரும்பினார். 2019-ல், பெண்கள் ஒற்றையரைக் கவனிக்க தென் கொரியாவிலிருந்து கிம் ஜி ஹியுன் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாசெல் நகரில் சிந்து உலக சாம்பியன் ஆனார்.