ஃபேர்னஸ் திருத்த யாரை அழைப்பது?

ஊரில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுவோம். அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை. ஆளைத் தெரியும், அவருடைய தகப்பனையும் தெரியும், அது எமக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் ஒன்ராறியோவில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் விடயத்தில் அது போதாது. ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் புதிதாகக் குடியேறியிருக்கும் எம்மவர்கள் குளிர்காலம் தொடங்குமுன் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு தருகின்றோம்.

அனுமதிப்பத்திரம் எதற்கு?

இங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவை இயற்கை வாயுவினால், அதாவது 'காஸ்' மூலம் சூடாக்கப்படுகின்றன. காஸ் சரியாக எரியாவிட்டாலோ, புகை வெளியே போகும் குழாய் அடைபட்டாலோ, காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் பரவலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையில் இருக்கும் குடும்பம் எழும்பாமலே போய்விடக்கூடும். ஆகவே இங்கு அனுமதிப்பத்திரம் என்பது வெறும் கடதாசி விடயம் அல்ல, உயிர் சம்பந்தமான விடயம்.

ஒன்ராறியோவில் காஸ் வேலைகளை மேற்பார்வை செய்வது ரி.எஸ்.எஸ்.ஏ எனப்படும் தொழில்நுட்பத் தராதரப் பாதுகாப்பு அதிகாரசபை. இரண்டு விடயங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, வேலையைப் பொறுப்பெடுக்கும் நிறுவனம் ரி.எஸ்.எஸ்.ஏயில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டுக்கு வந்து வேலை செய்பவர் காஸ் தொழில்நுட்பவியலாளர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சாதாரண வீட்டு ஃபேர்னசுக்கு 'ஜி2' சான்றிதழ் போதும். 'ஜி1' அதற்கும் மேற்பட்டது. 'ஜி3' வைத்திருப்பவர் இன்னொருவருடைய மேற்பார்வையிலேயே வேலை செய்யலாம். குளிரூட்டி வேலைக்கு '313ஏ' அல்லது '313டி' என்ற தொழிற்சான்றிதழ் தேவை.

சான்றிதழைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒழுங்கான தொழிலாளி முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார். நிறுவனத்தின் பதிவை ரி.எஸ்.எஸ்.ஏயிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

'எங்கட ஆள்தானே, காசாகக் கொடுத்தால் வரியும் மிச்சம்' என்று சிலர் சொல்வதுண்டு. எமது சமூகத்திலே சான்றிதழ் பெற்ற திறமையான தொழிலாளர்கள் பலர் இருக்கின்றார்கள். அவர்களிடம் போவது நல்லது, மொழிப் பிரச்சினையும் இல்லை. ஆனால் சான்றிதழ் இல்லாதவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் காஸ் குழாயைத் தொட விடக்கூடாது. பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. பின்னர் விபத்து ஒன்று நடந்தால் வீட்டுக் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

வாடகை வீட்டில் ஃபேர்னசைத் திருத்துவதும் மாற்றுவதும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. செலவும் அவருடையதே. சூடு வாடகையோடு சேர்ந்ததாயின், ரொறன்ரோ நகரத்தில் குளிர்காலத்தில் வீட்டினுள் ஆகக்குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். நிலவறையில் குடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். முதலில் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பலனில்லையாயின் 311 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். வாடகைக்கு இருப்பவர் ஃபேர்னஸ் சம்பந்தமான எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கத் தேவையே இல்லை.

அழைக்குமுன் பார்க்கவேண்டியவை

சூடு நின்றவுடன் பயந்துவிட வேண்டாம். தேர்மோஸ்ராற்றின் பற்றரி தீர்ந்திருக்கலாம். மின்சாரப் பெட்டியில் பிறேக்கர் விழுந்திருக்கலாம். ஃபேர்னசுக்கு அருகிலுள்ள சுவிச்சை யாராவது விளக்குச் சுவிச் என நினைத்து அணைத்திருக்கலாம். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். வீட்டுக்கு வெளியே சுவரிலுள்ள குழாய்களைப் பனி மூடியிருக்கலாம். இவற்றைப் பார்க்க எவருடைய உதவியும் வேண்டியதில்லை. ஆனால் அழுகிய முட்டை மணம் வந்தால் எதையும் தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். சுவிச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியே நின்று 911ஐ அழையுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். எனினும் ஒரு மதிப்புக்காகச் சொல்கின்றோம். வந்து பார்ப்பதற்கு மட்டும் 100 முதல் 200 டொலர் வரை கேட்பார்கள். இரவிலும் வார இறுதியிலும் கூடும். வருடாந்தப் பராமரிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிறிய பாகம் ஒன்றை மாற்ற 200 முதல் 450 டொலர் வரையும், காற்றை ஊதும் மோட்டாரை மாற்ற 500 முதல் 1,200 டொலர் வரையும் ஆகலாம். புதிய ஃபேர்னஸ் பூட்டுவதற்கு 4,000 முதல் 7,000 டொலர் வரை செல்லும். குளிரூட்டியும் ஏறக்குறைய அதே அளவுதான். இவற்றின் மேல் 13 வீதம் எச்.எஸ்.ரி வரி.

நல்ல ஃபேர்னஸ் ஒன்று 15 முதல் 20 வருடம் உழைக்கும். ஆகவே எட்டு வருடமான ஃபேர்னசை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பெரிய ஃபேர்னஸ்தான் நல்லது என்பதும் தவறு. அளவுக்கு மிஞ்சிய ஃபேர்னஸ் அடிக்கடி நின்று நின்று ஓடிக் கெதியாகப் பழுதாகும். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டே அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

எழுத்தில் மூன்று மதிப்பீடுகளாவது எடுங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதப்பட்டிருந்தால், நீங்கள் புதிய வேலை எதற்கும் சம்மதிக்காதவரை, அதற்குமேல் 10 வீதத்துக்குக் கூடுதலாக உங்களிடம் அறவிட முடியாது.

பரிசோதிப்பவர் ஆபத்தைக் கண்டால் ஃபேர்னசில் 'சிவப்பு அட்டை' கட்டுவார். அது சட்டப்படி அவருடைய கடமை. ஆபத்து உடனடியானது என்றால் காசையும் நிறுத்துவார். அதை மதிக்கவேண்டும். ஆனால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அவரிடமே புதிய ஃபேர்னஸ் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு பெற்ற இன்னொருவரை அழைத்துக் காட்டலாம்.

கதவைத் தட்டுபவர்கள்

'அரசாங்கத்திலிருந்து வருகின்றோம், உங்கள் காஸ் பில்லைக் காட்டுங்கள்' என்று சொல்லி வருபவர்களால் எமது குடும்பங்கள் பல ஏமாந்துள்ளன. ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், ஃபேர்னஸ், குளிரூட்டி, சுடுநீர்த் தாங்கி, தண்ணீர் வடிகட்டி முதலியவற்றை அழைக்காமலே வீட்டுக்கு வந்து விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. நீங்களாகவே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். காஸ் பில்லை எவரிடமும் காட்டாதீர்கள்.

'இப்போது ஒரு சதமும் வேண்டாம், மாதம் 90 டொலர் மட்டும்' என்பார்கள். பத்து வருடத்துக்குக் கணக்குப் பாருங்கள், 10,800 டொலர். 5,000 டொலர்ப் பொருளுக்கு அதைவிட இருமடங்குக்கு மேல் கட்டிய பின்னும் அது உங்களுக்குச் சொந்தமாகாமல் இருக்கலாம். முன்னர் சில நிறுவனங்கள் இத்தகைய ஒப்பந்தங்களை வீட்டு உறுதியிலும் பதிந்து வைத்தன. வீட்டை விற்கப் போகும்போதுதான் பலருக்கு அது தெரியவந்தது. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு அவ்வாறு பதிவதை ஒன்ராறியோ அரசு 2024 ஜூன் 6 முதல் தடைசெய்துவிட்டது.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்து அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும், ஒப்பந்தம் தெரியாது. 'பிரதியைத் தந்துவிட்டுப் போங்கள், வாசித்துச் சொல்கிறோம்' என்று சொல்லுங்கள். நேர்மையானவர் தந்துவிட்டுப் போவார்.

கடைசியாக ஒன்று. காஸ் பாவிக்கும் வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகிலும், 2026 ஜனவரி 1 முதல் நிலவறை உட்பட ஒவ்வொரு தளத்திலும், காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். சாதாரணக் கருவியை சில பத்து டொலர்களுக்கு வாங்கலாம். பரிசோதனைக்கு அழைக்க நல்ல காலம் செப்டம்பர் மாதம். அப்போது தொழிலாளிக்கு நேரம் இருக்கும், எமக்கும் நான்கு இடம் விசாரிக்க அவகாசம் இருக்கும். சைபருக்குக் கீழே 20 பாகையில், குழந்தை குளிரில் அழும்போது, விலை பேச எவராலும் முடியாது.