ஒன்று, இரண்டு, பல, ஐந்து

கெட்டிக்காரப் பிள்ளைகளே, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். இன்றைக்குப் புத்தகம் வேண்டாம். உங்கள் வலது கையே பாடப்புத்தகம்.

இடது கையால் வலது தோளிலிருந்து முழங்கை வரை வடிவாக அமர்த்திப் பாருங்கள். உள்ளே எத்தனை எலும்பு? ஒன்று. இனி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. அவசரப்படாமல் தடவுங்கள். இங்கே இரண்டு. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பினால் ஒன்றின்மேல் ஒன்று புரள்வது தெரியும். மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் இருக்கின்றன. தொட்டு எண்ண முடியாது, ஆனால் அசைவது தெரியும். அதற்கப்பால் ஐந்து விரல்கள்.

ஒன்று, இரண்டு, பல, ஐந்து. இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை வீட்டில் கோழிக்கறி சமைத்தால், செட்டைத் துண்டை எனக்குத் தாருங்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு எலும்புகளைக் கழுவிக் காயவைத்து, ஒரு தாளில் வரிசையாக அடுக்குங்கள். முதலில் தடித்த எலும்பு ஒன்று. அடுத்தது இரண்டு. நுனியில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறுத்துப் போயிருக்கும். பறவைக்கு மூன்று விரல்தான் மிச்சம். ஆனால் ஒழுங்கு அதேதான். உங்கள் கையை அருகில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஒரு சோடி இருக்கும்.

வௌவாலின் செட்டைக்குள்ளும் இதே ஒழுங்கு இருக்கிறது. அதன் விரல்கள் மிக நீண்டு, நடுவே தோல் விரிந்திருக்கிறது. மட்டக்களப்புக் கடலில் துள்ளும் டொல்பினின் துடுப்புக்குள்ளும் ஒன்று, இரண்டு, பல, விரல்கள். வாவி முதலையின் முன்னங்காலும் அப்படித்தான்.

இப்போது ஒரு கேள்வி. பறப்பதும் நீந்துவதும் தவழ்வதும் எழுதுவதும் வேறு வேறு வேலைகள். வேலைகள் வேறென்றால் ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே எலும்பு ஒழுங்கு? கொஞ்சம் நிறுத்தி யோசித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இதற்கு விடை சொல்வது சுகம். உங்களுக்குக் குடி என்றால் என்னவென்று தெரியும். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு. அம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. அம்மாவுக்கு அது அம்மம்மாவிடமிருந்து வந்தது. ஒரே குடியைச் சேர்ந்த ஒருவர் வந்தாறுமூலையில் வயல் செய்வார், இன்னொருவர் களுவாஞ்சிகுடியில் கடை வைத்திருப்பார். தொழில் வேறு, ஊர் வேறு. பின்னோக்கிப் போனால் இருவருக்கும் ஒரே மூதாய்.

உயிர்களும் அப்படித்தான். உங்களுக்கும் கோழிக்கும் வௌவாலுக்கும் முதலைக்கும் மிக மிகப் பழைய காலத்தில் ஒரே மூதாதை இருந்தது. அதனிடம் அந்தக் கை ஒழுங்கு இருந்தது. வந்த பிள்ளைகள் எல்லாம் அதை வாங்கிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக நீளமும் அகலமும் மாறின, ஒழுங்கு மாறவில்லை. இப்படி உயிர்கள் தலைமுறைகளினூடாக மாறிவருவதைத்தான் பரிணாமம் என்கிறோம்.

உங்களில் ஒருவர் இப்போது கையை உயர்த்துவார், எனக்குத் தெரியும். “குரங்கிலிருந்து மனிதர் வந்தார்கள் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?” அருமையான கேள்வி! கேட்கத்தான் வேண்டும். இன்றிருக்கும் குரங்கு நமக்கு அம்மம்மா இல்லை. அது பெரியம்மாவின் பிள்ளை. நமக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சி. நம் இருவருக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நீங்கள் பிறந்தீர்கள் என்பதற்காக உங்கள் பெரியம்மாவின் பிள்ளைகள் இல்லாமல் போய்விடுவார்களா, மனே?

விளங்கியதா? நல்லது. இனி வாவிக் கரைக்குப் போவோம். பெரியவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வாவியில் முதலை உண்டு.

தண்ணீர் வற்றிய கண்டல் சேற்றில் சத்தம் போடாமல் நின்றால், உளுவை வகையைச் சேர்ந்த ஒரு சின்ன மீன் சேற்றின்மேல் துள்ளிப் போவதைப் பார்க்கலாம். மீன் கரையில் நடக்கிறது! முன் செட்டைகளை ஊன்றி உடலை இழுக்கிறது. கண்கள் தலையின் உச்சியில் இருக்கின்றன. செவுள் அறைக்குள் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். ஈரமாக இருக்கும்வரை தோலாலும் வாயின் உட்புறத்தாலும் சுவாசிக்கும். அதனால்தான் அடிக்கடி சேற்றில் புரள்கிறது.

இதைப் பார்த்ததும், இதுதான் தரைக்கு வந்த முதல் மீன், நம் மூதாதை என்று சொல்லத் தோன்றும். பெரியவர்களும் அப்படிச் சொல்லிவிடுவதுண்டு. அது சரியில்லை. இது இன்று வாழும் மீன், நமக்குத் தூரத்து உறவு. இதன் செட்டைக்குள் நம்முடைய ஒன்று, இரண்டு ஒழுங்கு கிடையாது. தரைக்கு வந்த நம் பழைய உறவு வேறு வகை மீன். அதன் நெருங்கிய சொந்தம் ஒன்றின் எலும்புகளை நீல் ஷூபின் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 2004-ல் கனடாவின் பனிப் பிரதேசத்தில் பாறைக்குள் கண்டெடுத்தார்கள். பெயர் டிக்டாலிக். ஏறத்தாழ 37½ கோடி ஆண்டுகள் பழையது. செதிலும் செட்டையும் உள்ள மீன்தான், ஆனால் மீன்களுக்கு இல்லாத கழுத்து அதற்கு இருந்தது. செட்டைக்குள்ளே ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, அதற்கப்பால் மணிக்கட்டுப் போன்ற சிறு எலும்புகள். உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள்!

சரி, மாற்றம் எப்படி நடக்கிறது? இதை நான் சொல்லி நீங்கள் கேட்பதைவிட, நீங்களே செய்து பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

குசினியிலிருந்து தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் பச்சையரிசியும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். ஒரு கறுப்புத் துணியை விரியுங்கள். 20 உளுந்து, 20 அரிசி எண்ணித் தூவுங்கள். இவைதான் பூச்சிகள். ஒருவர் பறவை. பறவை துணிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மற்றவர் கை தட்டியதும் திரும்பி, கண்ணில் முதலில் பட்டதை ஒன்றே ஒன்று கொத்திவிட்டு மறுபடி திரும்பிவிட வேண்டும். தேடிப் பொறுக்கக் கூடாது. பறவைக்குப் பசி, நேரமில்லை!

இப்படி 20 தடவை. துணியில் 20 பூச்சிகள் மிஞ்சும். உதாரணமாக 14 உளுந்தும் 6 அரிசியும் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சிய ஒவ்வொன்றும் தன் நிறத்தில் ஒரு பிள்ளை பெறும். ஆகவே 28 உளுந்து, 12 அரிசி. மறுபடியும் 40. மறுபடியும் பறவை வரட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணி எழுதுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் எண்கள் வேறாக இருக்கும், அதில் தவறில்லை. நாலைந்து சுற்றில் துணியில் என்ன நிறம் நிறைகிறது என்று பாருங்கள்.

பிறகு கறுப்புத் துணியை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரியுங்கள். பூச்சிகள் அவையே, பறவையும் அதே பறவை. என்ன நடக்கும்? விளையாடுவதற்கு முன்பே ஊகித்து எழுதி வையுங்கள். ஊகித்துவிட்டுச் சோதிப்பவர்தான் விஞ்ஞானி.

இங்கிலாந்தில் இது உண்மையாகவே நடந்தது. அங்கே மரப்பட்டை நிறத்தில், வெள்ளையில் புள்ளி தெளித்த அந்துப்பூச்சி ஒன்று உண்டு. ஆலைகளின் புகைக்கரி படிந்து மரங்கள் கறுத்தன. 1848-ல் மான்செஸ்டரில் கறுத்த பூச்சி ஒன்று அகப்பட்டது. 1895 ஆகும்போது அங்கே நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு. பின்னாளில் காற்று சுத்தமானதும் வெள்ளைப் பூச்சிகள் மீண்டும் பெருகின.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் விளையாட்டில் ஏதாவது ஓர் அரிசி உளுந்தாக மாறியதா? இல்லை. ஒன்றுகூட மாறவில்லை. எந்தப் பூச்சியும் கறுப்பாக வேண்டும் என்று ஆசைப்படவும் இல்லை, பாடுபடவும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரே அச்சில் பிறப்பதில்லை. இருக்கும் இடத்துக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்தன, அதிகம் பெற்றன. மாறியது கூட்டம். பரிணாமத்தில் பெரியவர்களே தடுமாறும் இடம் இதுதான். நீங்கள் விரலால் எடுத்து எண்ணியதால் இனித் தடுமாற மாட்டீர்கள்.

கையால் செய்து கற்பது என்றதும் மரியா மொண்டிசோரி அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. உங்கள் தம்பி தங்கைகள் போகும் மொண்டிசோரிப் பள்ளி அவர் பெயரில்தான் இருக்கிறது. இத்தாலி நாட்டு மருத்துவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களைப் பயிற்ற வந்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானல் மலையில் இருந்த காலத்தில் பிள்ளைகளுக்குச் செடி, பூச்சி, கல், மண் எல்லாவற்றையும் கதையாகவும் கைவேலையாகவும் காட்டினார். அவர் வழிவந்த பள்ளிகளில் நீளமான கறுப்புத் துணிச் சுருள் ஒன்று இருக்கும். பூமியின் வயதைக் காட்ட அதை விரித்துக்கொண்டே போவார்கள். போய்க்கொண்டே இருக்கும். கடைசி ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று, அதுதான் மனிதர்.

நமக்கு அந்தத் துணி வேண்டாம், வலைக்கயிறு இருக்கிறது. 46 மீற்றர் கயிறு கிடைத்தால் பள்ளி மைதானத்தில் விரியுங்கள். ஒரு மீற்றர் 10 கோடி ஆண்டு. ஒரு முனை பூமி பிறந்த நாள், மறுமுனை இன்று. இன்றைய முனையிலிருந்து அளந்து வண்ணத் துணி கட்டுங்கள். 35 மீற்றர் அளவில் முதல் உயிர்கள். அங்கிருந்து 6 மீற்றர் வரை நடந்து வாருங்கள், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள்தான்! 5 மீற்றருக்குக் கிட்ட மீன்கள். டிக்டாலிக்குக்கு 3 மீற்றர் 75 சென்ரிமீற்றரில் ஒரு முடிச்சு. பெரிய டைனோசர்கள் அழிந்தது 66 சென்ரிமீற்றரில். நமக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை 6, 7 சென்ரிமீற்றரில். நம் மனித இனம் முழுவதும் கடைசி 3 மில்லிமீற்றர். அதற்குத் துணி கட்ட இடமில்லை, பேனையால் ஒரு புள்ளி வையுங்கள்.

இன்னும் ஒரே ஒரு வேலை. 1859-ல் பரிணாமத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய சார்ள்ஸ் டார்வினும் கையால் செய்து பார்த்தவர்தான். வீட்டில் புறா வளர்த்தார். விதைகளை உப்புநீர்ப் போத்தல்களில் ஊறப்போட்டார். கடலில் மிதந்து தூரத்துத் தீவில் போய் ஒரு விதை முளைக்குமா என்று அறிய அவருக்கு ஆசை. 87 வகை விதைகளை 28 நாள் ஊறவைத்ததில் 64 வகை முளைத்தன.

நீங்களும் செய்யுங்கள். ஒரு கோப்பையில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் உப்பான வாவித் தண்ணீர். இரண்டிலும் பத்துப் பயறு. எது முளைக்கிறது என்று நாளுக்கு நாள் எழுதுங்கள். பிறகு, உப்புச் சேற்றிலேயே வளரும் மரத்தைப் பார்க்கப் பெரியவருடன் மறுபடி கண்டல் மரத்தடிக்குப் போங்கள். தில்லை மரம் எது என்று அவரிடம் முதலில் கேட்டு, அதற்குக் கிட்டப் போகாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. கண்டல் கிளையை அண்ணாந்து பாருங்கள். அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்டு, அதன் பிறகுதான் கீழே விழுகிறது. பயறும் மாங்கொட்டையும் அப்படிச் செய்வதில்லை. உப்புச் சேற்றில் பிறந்த எந்தப் பிள்ளைகள் அதிகம் பிழைத்ததால் கண்டல் இப்படி ஆயிற்று? உளுந்தையும் அரிசியையும் எண்ணியவர்களுக்கு இது கஷ்டமான கேள்வி இல்லை. உங்கள் விடையைப் பயறு அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள்.