பினாங்கில் தேடிய வரி ஊரிலேயே இருந்தது

கடந்த ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினத்தில் இருக்கும் சித்தப்பா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணே, ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது. ஒரு வாரம் பினாங்குக்கு வரலாம்னு இருக்கேன். பெரியப்பாவைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, கேமரா வாங்கின மாதிரியும் ஆச்சு. டூரிஸ்ட்டா வந்தா ஏர்போர்ட்ல வரியைத் திருப்பித் தருவாங்களாமே?"

தம்பி கல்யாணப் புகைப்படக்காரன். சித்திரையில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவனுடைய பழைய கேமராவின் ஷட்டர் நின்றுவிட்டது. உதவிக்கு வந்த பையனின் கேமரா மானத்தைக் காப்பாற்றியது. அதன் பிறகு இரவல் கேமராவில்தான் பிழைப்பு. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கிவிட்டான். மனைவியின் செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் வைத்திருந்தான்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியதிலிருந்து இப்படிப்பட்ட கேள்விகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் இந்த நம்பிக்கையை விதைத்தவரே என் அப்பாதான்.

ரஜூலாவில் போன கேமரா

அப்பா பையனாக இருந்தபோது ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். 1968-ல் முதல் முறை ஊருக்குத் திரும்பியபோது, பினாங்கு ரோட்டில் வாங்கிய ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் இறங்கினாராம். தெருவே கூடி நின்று படம் எடுத்துக்கொண்டது. "பினாங்கில் எல்லாம் பாதி விலை" என்ற பேச்சு அன்றைக்குக் கிளம்பியதுதான். இன்னும் அடங்கவில்லை.

அப்போது அது உண்மையாகவும் இருந்தது. 1786-ல் ஆங்கிலேயர்கள் பினாங்கைத் திறந்தபோதே அதை வரியில்லாத் துறைமுகமாகத்தான் திறந்தார்கள். தீவுக்குள் பொருள் மலிவு. அதை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் கரைக்குக் கொண்டுபோனால்தான் சுங்கப் பரிசோதனை என்பார் அப்பா. அந்தத் தகுதி 1969-ல் பறிபோனது. அதன்பின் 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்தன, பிழைப்பின் போக்கே மாறியது. இன்றைக்கு வரியில்லாத் தீவு என்றால் அது லங்காவி. 1987-ல் அந்தத் தகுதி அதற்குக் கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் இரண்டு தீவுகளையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தம்பி கேட்ட வரித் திருப்பமும் இல்லாத கதையல்ல. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி மலேசியாவில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. கூடவே சுற்றுப்பயணிகளுக்கான வரித் திருப்பத் திட்டமும் வந்தது. நான் படிப்பை முடித்திருந்த நேரம் அது. ஜார்ஜ்டவுனில் ஒரு மின்சாதனக் கடையில் கல்லாவில் வேலை. ஒரே வணிகரிடம் 300 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வாங்கி, மூன்று மாதத்துக்குள் விமானத்தில் எடுத்துப் போக வேண்டும். கடையில் படிவம், விமான நிலையத்தில் பொருளைக் காட்டி முத்திரை, பிறகு பணம். அந்தப் படிவத்தை எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

2018 மே மாதம் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் 1-ஆம் தேதி ஜிஎஸ்டி பூஜ்யமானது. செப்டம்பர் 1-ஆம் தேதி பழைய விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. ஜிஎஸ்டியோடு வரித் திருப்பமும் போனது. ஆனால் பழைய பயணக் குறிப்புகளும் காணொளிகளும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தம்பி பார்த்ததும் அப்படி ஒரு பழைய காணொளியைத்தான்.

இதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தேன். "சரிண்ணே, ஆனா விலையாவது கம்மியா இருக்கும்ல?" என்றான். டிக்கெட் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான்.

"ரீஃபண்ட் தாக் அடா, பாஸ்"

முதலில் போன கடையின் முதலாளி வயதான சீனர். தம்பி விலை கேட்டான், 7,000 ரிங்கிட் என்றார். நான் சொன்னதை மீறி, நப்பாசையில் ரீஃபண்ட் பற்றிக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "ரீஃபண்ட் தாக் அடா, பாஸ்" என்றார். ரீஃபண்ட் கிடையாது என்று அர்த்தம்.

"அப்ப வரியே இல்லையாண்ணே? பில்லுல எங்கேயும் காணோமே" என்றான் தம்பி.

வரி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஜிஎஸ்டி ஒவ்வொரு கைமாற்றத்திலும் கணக்கிடப்படும் வரி. கடைசி பில்லில் தனி வரியாக நிற்கும். எவ்வளவு கட்டினோம் என்று அரசுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால் திருப்பித் தர முடிந்தது. விற்பனை வரி அப்படியல்ல. உள்ளூர்ப் பொருள் என்றால் தொழிற்சாலையில், வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாகும் இடத்தில், ஒரே ஒரு முறை வசூலிக்கப்படும். பொதுவாக 5 அல்லது 10 விழுக்காடு. விலக்குப் பெற்ற பொருள்களும் உண்டு. அதன்பின் அது மொத்த வியாபாரியின் விலையில் சேர்ந்து, கடைக்காரரின் விலையில் சேர்ந்து, குழம்பில் கரைந்த உப்பு மாதிரி ஆகிவிடுகிறது. பிரித்துக் கொடு என்றால் கடைக்காரர் எங்கே போவார்?

மதியம் சாப்பிட்ட உணவகத்தின் பில்லில் "எஸ்எஸ்டி 6%" என்று இருந்ததைப் பார்த்துத் தம்பி மறுபடி நிமிர்ந்தான். அது சேவை வரி. பல சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு ஆகிவிட்டது, உணவுக்கு 6-லேயே நிற்கிறது. அதுவும் திரும்பாது. ஓட்டலில் தங்கும் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். நம் வீட்டில் தங்கியதால் அவனுக்கு அது மிச்சம்.

கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்க

இரண்டாவது கடையில் அதே கேமரா 6,500 ரிங்கிட். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். 'ஏபி செட்' என்றார்கள். அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத சரக்கு. பழுது வந்தால் அந்தக் கடைதான் பார்க்கும். நாகப்பட்டினத்திலிருந்து யார் அனுப்பி வைப்பது?

எங்கள் தயக்கத்தைப் பார்த்த விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "பெட்டியை இங்கேயே போட்டுடுங்க. கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போங்க. பில்லை 2,000 வெள்ளின்னு போட்டுத் தர்றேன்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் ஆசை வந்தது. எத்தனையோ பேர் போகிறார்கள், இவன் ஒருவனையா பிடிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. தம்பிதான் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"வேணாம்ணே. அது கேமரா இல்ல, என் வீட்டுக்காரி செயின். பிடிச்சிட்டா ரெண்டும் போயிடும்."

அவன் பயம் சரியானது. இந்தியச் சுங்கச் சட்டம் 1962-ன்படி, பயணி தன் பெட்டியில் உள்ள வரிக்குரிய பொருளைச் சொல்லியாக வேண்டும். மறைத்தாலும் பொய் விலை காட்டினாலும் பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம்.

தேநீர்க் கடைக் கணக்கு

குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு லிட்டில் இந்தியாவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ரிங்கிட் வாங்க அவன் கொடுத்த விலை 21 ரூபாய்.

முதல் கடைக் கேமரா 7,000 ரிங்கிட் என்றால் 1,47,000 ரூபாய். திருச்சியில் அதே கேமராவுக்கு அவனிடம் சொன்ன விலை, எல்லா வரியும் சேர்த்து 1,65,000. இங்கே 18,000 ரூபாய் மலிவு. இதுவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பலரும் விமானம் ஏறுகிறார்கள்.

சென்னை விமான நிலையத்தில் கணக்கு மாறும். 2026 பிப்ரவரி வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுப் பயணப் பெட்டி விதிகளின்படி, மலேசியாவிலிருந்து திரும்பும் ஓர் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரைதான் சலுகை இருந்தது. அதற்கு மேல் 35 விழுக்காடு சுங்க வரி, அதன்மேல் கூடுதல் வரியும் சேர்ந்து 38.5 விழுக்காடு. ஆக, மீதி 97,000 ரூபாய்க்கு வரி 37,345. கேமராவின் அடக்க விலை 1,84,345 ஆகிறது. திருச்சி விலையைவிட 19,000 ரூபாய்க்கு மேல் அதிகம். சாக்லெட், சட்டை, கோடாலித் தைலம் எல்லாம் அதே 50,000-க்குள் அடக்கம் என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கூடும். கணவன், மனைவி இருவர் சலுகையையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்டவும் முடியாது.

தம்பி தேநீரைத் தொடவே இல்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "நீ ஜிஎஸ்டி பதிவு வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்ணே. போன வருஷம் ஒரு காலேஜ் ஆர்டருக்காக எடுத்தேன். ஏன்?"

இந்தியாவில் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 2019 ஜனவரிக்கு முன் 28 விழுக்காடாக இருந்தது. 1,65,000 ரூபாய் பில்லுக்குள் ஏறக்குறைய 25,000 ரூபாய் வரி. பதிவு செய்த தொழில்காரர், தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துத் தொழிலுக்காக வாங்கினால், அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். குறைந்த விகிதத்தில் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அது கிடையாது.

அங்கேயே ஊரில் இருக்கும் ஆடிட்டரைக் கூப்பிட்டான். அவர் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது: "அடப் பாவி, இதை என்கிட்டக் கேட்டுட்டு டிக்கெட் போட்டிருக்கலாமே!"

அவன் காம்போசிஷனில் இல்லை. கழிவு போனால் திருச்சிக் கேமரா அவனுக்கு 1,40,000 ரூபாய்தான். கடல் கடந்து தேடி வந்த வரித் திருப்பம், வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் முதல் கடைக்கே போய், 1,900 ரிங்கிட்டுக்கு ஒரு லென்ஸ் மட்டும் வாங்கினான். சரியான பில்லோடு 39,900 ரூபாய். சலுகைக்குள் அடங்கியது, ஊர் விலையைவிட ஆறாயிரம் மிச்சம். சீனர் பில்லில் முத்திரை குத்திக்கொண்டே, "பாகுஸ்" என்று பாராட்டினார்.

கிளம்பும் முன்...

உறவினர்கள் வருகிறார்கள் என்றால் இவற்றைச் சொல்லி வையுங்கள். இந்தியாவிலிருந்து விலையுயர்ந்த கேமரா கொண்டு வருபவர்கள், புறப்படும்போதே அங்குள்ள சுங்க அதிகாரிகளிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "இது புதிதாக வாங்கியதா?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். கேமராவுக்கான உத்தரவாதம் பல நேரங்களில் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். சலுகைத் தொகையும் வரி விகிதமும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 9 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சுற்றுப்பயணி திரும்பப் பெறலாம், குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்க வேண்டும். தாய்லாந்தில் 7 விழுக்காடு வாட் வரி, ஒரு கடையில் ஒரே நாளில் 2,000 பாட். ஆனால் ஜொகூர் பாலத்தில் பஸ்ஸிலோ, ஹட்யாயிலிருந்து வேனிலோ திரும்பினால் ஒரு காசும் வராது. சிங்கப்பூரில் விமானம் அல்லது பயணக் கப்பல், தாய்லாந்தில் அனைத்துலக விமான நிலையம், இந்த வழிகளில் வெளியேறுபவர்களுக்குத்தான் அந்தப் பணம். பினாங்கிலிருந்து வார இறுதியில் ஹட்யாய்க்கு ஓடுகிறவர்கள் கவனிக்க.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று தம்பி ஒரு படம் அனுப்பினான். திருச்சியில் வாங்கிய கேமரா, பினாங்கு லென்ஸ். தாலி முடிச்சு விழும் அந்த நொடி. எண்பதை நெருங்கும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப இப்போ பினாங்கில எதுவுமே பாதி விலை இல்லையா?"

கோடாலித் தைலம் இருக்கிறது என்றேன். அதையும் சென்னையில் விசாரித்துவிட்டுச் சொல்லு என்றார்.