முகப்பு மாறியபோது

அடுக்களையில் உப்புச் சாடி எங்கே இருக்கின்றது என்று இல்லத்தரசி சிந்திப்பதில்லை. கை தானே அவ்விடத்துக்குச் செல்கின்றது. கணினியை நாள்தோறும் கையாள்பவரின் நிலையும் இத்தகையதே. எந்தப் பொத்தான் எந்த மூலையில் உள்ளது என்பதை அவர் கையே நன்கறியும். ஒருநாட் காலையில் திரையின் முகப்பு முற்றாக மாறியிருக்கக் காணின் அவர் சினங்கொள்வதில் வியப்பில்லை. திறந்த மூல மென்பொருள் உலகில் அத்தகைய சினம் 2011ஆம் ஆண்டிற் பெரிதும் எழுந்தது.

லினக்ஸ் என்பது கணினியின் உள்ளே நின்று இயக்கும் கருவே. கண்ணுக்குத் தோன்றும் சாளரங்களையும் பட்டைகளையும் ஆக்குவோர் வேறு குழுவினர். கே.டி.ஈ. என்னும் முகப்பு 1996இலும், குனோம் என்னும் முகப்பு 1997இலும் தொடங்கப்பெற்றன. 2002இல் வெளிவந்த குனோம் இரண்டாம் பதிப்பு, மேலும் கீழுமாக இரு பட்டைகளைக் கொண்டது. செயலிகளைத் தேடுவதற்கு மேற்பட்டை. திறந்துள்ள சாளரங்களைக் காண்பதற்குக் கீழ்ப்பட்டை. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இவ்வமைப்பு பெரிதும் மாறாதிருந்தது.

2011 ஏப்பிரல் 6ஆந் திகதி குனோம் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. கீழ்ப்பட்டை மறைந்தது. சாளரத்தைச் சுருக்கி ஒதுக்கும் பொத்தானும், பெருப்பிக்கும் பொத்தானும் அகற்றப்பட்டன. திறந்துள்ள சாளரங்கள் யாவை என்று அறிய வேண்டுமாயின் இடப்புற மூலைக்குச் சுட்டியைக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. வேலை செய்பவரின் கவனம் சிதறாதிருக்கவே இவ்வாறு செய்ததாக ஆக்கியோர் விளக்கினர். அதே மாதம் 28ஆந் திகதி உபுண்டுவும் தன் பதிப்பில் யுனிட்டி என்னும் புதுமுகப்பை முன்வைத்தது. ஆகவே பழைய குனோமை நம்பியிருந்தோர்க்குப் போக்கிடம் குறுகிற்று.

லினக்சின் கருவை 1991இல் ஆக்கிய லினஸ் டோர்வால்ட்சே இவ்வலைச்சலுக்குத் தப்பவில்லை. 2008இல் வந்த கே.டி.ஈ. நான்காம் பதிப்பு பிடியாமையால் அவர் குனோமுக்கு வந்திருந்தார். 2011இல் குனோமையும் வெறுத்து எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் எளிய முகப்பை நாடினார். ஈராண்டுகளுள் சில ஒட்டுச் செயலிகளின் துணையோடு மீண்டும் குனோமுக்கே திரும்பினார். குறை கூறுவோர் யாவரும் கணினி அறியாதவர் என்று தள்ளிவிட இயலாது என்பதற்கு இஃதொன்றே போதும்.

இக்குறைகளை ஆக்கியோர் வாக்குகளைப்போல் எண்ணவில்லை. 2010இலேயே உபுண்டுவின் சாளரப் பொத்தான்கள் இடப்புறத்துக்கு மாற்றப்பட்டபோது, அதன் நிறுவுநர் மார்க் ஷட்டில்வேர்த், இத்தகைய முடிவுகள் மக்களாட்சி முறையில் எடுக்கப்படுபவை அல்ல என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். அதில் நியாயம் இல்லாமலில்லை. நிறைவுற்றவர் பெரும்பாலும் பேசுவதில்லை. முணுமுணுப்பவர் குரலே உரத்துக் கேட்கும். எனினும் ஆக்கியோர் ஈராண்டு மூவாண்டாகச் சிறிதுசிறிதாகக் கண்டு பழகிய மாற்றம், பயனாளர் முன்னே ஒரே நாளில் வந்து விழுந்தது. அவர் இழந்த நாழிகைகள் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

விலைக்கு விற்கும் மென்பொருளாயின் முறையிடுவதோடு கதை முடிந்துவிடும். 2012இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எட்டாம் பதிப்பில் தொடக்கப் பொத்தானை அகற்றிற்று. மறு ஆண்டு அதுவே இரங்கி அப்பொத்தானைத் திருப்பித் தரும்வரை பயனாளர் காத்திருக்க நேர்ந்தது. திறந்த மூல மென்பொருளிலோ மூல நிரல் எவர்க்கும் கிட்டும். அதனை எடுத்து மாற்றவும் வழங்கவும் உரிமமே இடமளிக்கின்றது.

அவ்வுரிமையை 2011இலேயே ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனாளர் கையாண்டார். கைவிடப்பட்ட குனோம் இரண்டாம் பதிப்பின் நிரலை எடுத்து, தம் நாட்டார் இலையை ஊறவைத்துப் பருகும் பானத்தின் பெயரால் மாத்தே என்று அழைத்தார். ஒரே கணினியிற் புதிய குனோமோடு மோதாதிருக்க உறுப்புகளின் பெயர்களையும் மாற்ற வேண்டியிருந்தது. கோப்புகளைக் காட்டும் செயலி, ஸ்பானிய மொழியிற் பெட்டி எனப் பொருள்படும் காஹா ஆயிற்று. எழுதும் செயலி, பேனா எனப் பொருள்படும் புளூமா ஆயிற்று. லினக்ஸ் மின்ட் குழுவினர் வேறு வழி கண்டனர். புதிய குனோமின் நிரலையே அடித்தளமாகக் கொண்டு, அதன்மேற் பழைய முறையிலான பட்டையை அமைத்தனர். அதற்கு இட்ட பெயர் சினமன். கறுவா என்பதே அதன் பொருள்.

பழையதைக் காப்பது எளிதென்று எண்ணலாகாது. மாத்தே எந்த அடிப்படை நிரற்றொகுதியின் மேல் நின்றதோ அதுவும் காலாவதியாகிக்கொண்டிருந்தது. தோற்றம் மாறாதிருக்கும்பொருட்டு உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதாயிற்று. அப்பணி 2017 மார்ச்சு மாதமே நிறைவெய்தியது. நிரல் எழுதத் தெரியாத பயனாளருக்கு உரிமம் தரும் உரிமை, வேறொருவர் தம் ஓய்வு நேரத்தை ஈந்தால் மட்டுமே பயன்படுகின்றது.

குனோம் குழுவினரும் முற்றாகச் செவிசாய்க்காதிருந்தனர் என்பதற்கில்லை. 2013இல் பழைய அமைப்பை ஒத்த ஒரு முறையைத் தம் பதிப்போடு சேர்த்தனர். 2017 ஏப்பிரலில் உபுண்டு யுனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்து, அவ்வாண்டு ஒக்டோபர் பதிப்பிற் குனோமுக்குத் திரும்பிற்று. அப்பொழுது வேறொரு கூட்டத்தார் வருந்தினர்: ஆறாண்டுகள் புழங்கி, யுனிட்டிக்கே கை பழகியோர். அவர்களுட் சிலர் அதன் நிரலை எடுத்துப் பேணலாயினர். 2011இற் பலரும் தூற்றிய அம்முகப்பு, 2022 ஒக்டோபரில் உபுண்டுவின் ஏற்புப்பெற்ற கிளைப் பதிப்புகளுள் ஒன்றாக மீண்டும் வெளிவந்தது.