பாட்டிக்கு ஏன் பேச்சு வரலே?

போன ஆடி மாதம் ஒருநாள் காலை, என் மாமியாரின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது! உடனே 108-க்குப் போன் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். பக்கவாதம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. (இந்த அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.)

பத்து நாளில் வீடு திரும்பினார். ஆனால் வலது கை சரியாக எழவில்லை. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்பார், அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள், "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழந்தையிடம் பேசுவது போலக் கத்திக் கத்திப் பேசினேன். அவர் எதிரிலேயே ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிப் புலம்பினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

என் பெண் மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம். லீவில் வந்தவள் கம்ப்யூட்டரில் மூளைப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். உரித்த அக்ரூட் பருப்பு போல ஒரு மூளை! மவுஸை இழுத்தால் திரும்புகிறது. வெங்காயத் தோலை உரிப்பது போல அடுக்கடுக்காக உரிக்கலாம். ஓர் இடத்தைத் தொட்டால் அது மட்டும் நிறம் மாறி, பெயரை உச்சரித்தும் காட்டுகிறது.

"காலேஜ்ல ஒரு மூளையைச் சுத்திப் பத்துப் பேர் நிப்போம்மா. அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இதுல நூறு தடவை அறுக்கலாம். ஆனா அந்தக் கனம், அந்த மெத்துனு இருக்கறது எல்லாம் கையில எடுத்தாத்தான் தெரியும்" என்றாள்.

இந்தக் கலையில் பெரிய வேலை அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் செய்ததாம். தானமாகக் கிடைத்த உடல்களை உறைய வைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்தார்கள். 1994-ல் ஓர் ஆணின் உடல், 1995-ல் ஒரு பெண்ணின் உடல். அந்தப் பெண் யார் தெரியுமா? மேரிலாந்தைச் சேர்ந்த 59 வயதுக் குடும்பத் தலைவி! பெயரை வெளியிடவே இல்லை. 5,000-க்கும் மேற்பட்ட சீவல்களாக, எத்தனையோ மாணவர்களுக்கு அவர் பாடமாக இருக்கிறார். நம் சென்னை ஐ.ஐ.டி.யும் 2024-ல் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. 'தரணி' என்று பெயர்.

"பாட்டிக்கு எங்கேடி அடைப்பு?" என்று கேட்டேன்.

இடது நெற்றிப் பொட்டுக்கு உட்புறம் ஓர் இடத்தைத் தொட்டாள். அது சிவப்பானது. 1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற டாக்டர், 'டான்' என்பதைத் தவிர வேறு சொல்லே வராத ஒரு நோயாளி இறந்தபின் அவர் மூளையைச் சோதித்தார். பழுதாகியிருந்தது இந்தப் பகுதிதான். வலது கையை ஆட்டுவிக்கும் பகுதியும் இடது மூளையில்தான், இதற்குப் பக்கத்திலேயே. இரண்டுக்கும் ஒரே குழாயின் கிளைகள். அதனால்தான் கையும் பேச்சும் சேர்ந்து போயின.

பிறகு காதுக்குப் பின்பக்கமாக வேறோர் இடத்தைக் காட்டினாள். "கேக்கறதைப் புரிஞ்சுக்கற இடம் இது. பாட்டிக்கு இங்கே பழுதில்லே. நீ சொல்றது அவங்களுக்குப் புரியுதும்மா. வார்த்தைதான் வெளியே வரமாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் செலவுக் கணக்கெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறதே!

அதன்பின் மத்தியானங்களில் நானே அதைத் திறந்து படித்தேன். பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவிட்டுத் தாளில் வரை என்றாள் பெண். வரைந்தேன். அடைப்பை நேர் எதிர்ப்பக்கம் போட்டிருந்தேன்! "எதிர்ல நிக்கறவங்களோட இடது கை உனக்கு எந்தப் பக்கம் இருக்கும்? ஸ்கேன் படமும் அப்படித்தான்" என்று சிரித்தாள். அதிலேயே வரும் பத்துக் கேள்விப் பரீட்சையில் முதல் தடவை எனக்கு நாலு மார்க்!

இப்போது அத்தையிடம் கத்துவதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, நிதானமாகக் கேட்கிறேன். "காபியா, பாலா?" என்று இரண்டு டம்ளரையும் காட்டுவேன். பதில் வரும்வரை காத்திருப்பேன். பேச வராதவர்களுக்குப் பாட்டு சில சமயம் வருமாம். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் சொன்னாள். என் பெண்ணுக்குப் பாடிய பழைய தாலாட்டை நான் எடுத்துக் கொடுத்தால், இரண்டு மூன்று சொல் கூடவே வருகிறது.

போன வாரம் அத்தையையும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். சிவப்பு இடத்தைக் காட்டி, "அத்தை, இங்கேதான் அடைப்பு. உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகலே" என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்தார்.

"அது" என்றார்.