கொண்டது விடாமை: ஸ்பைக் மில்லிகனின் நகைச்சுவை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கின் அடியாக அது பிறக்கும் என்றும் வகுத்தார். இந்நான்கனுள் பேதைமைக்கும் மடமைக்கும் என்ன வேறுபாடு என்பது எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது. பேதைமை என்பது அறியாமை. மடமையோ, பிறர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பற்றிக்கொண்டு, பின்னர் எது வரினும் அதனை விடாதிருத்தல். உரையாசிரியர் தரும் இந்த விளக்கம் எனக்கு ஏட்டளவிலேயே நின்றது. 1957ஆம் ஆண்டில் ஒலிபரப்பான ஓர் ஆங்கில வானொலி நாடகத்தின் ஒலிப்பதிவைக் கேட்ட நாளில்தான் அதன் பொருள் தெளிவாயிற்று.

அந்நாடகத்தில் இரண்டு அப்பாவிகள் பேசிக்கொள்கிறார்கள். ப்ளூபாட்டில் என்பவன் எக்கிள்ஸ் என்பவனிடம் மணி என்னவென்று கேட்கிறான். எக்கிள்ஸ் கடிகாரத்தைத் தேடவில்லை. தன்னிடமுள்ள ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடுகிறான். காலையில் யாரோ ஒரு நல்ல மனிதர் மணியை எழுதிக் கொடுத்த காகிதம் அது. எட்டு என்று அதில் எழுதியிருக்கிறது. ஆகவே மணி எட்டு. எட்டு ஆகாத நேரத்தில் யாரேனும் கேட்டால் என்ன செய்வாய் என்றால், அப்போது காகிதத்தைக் காட்ட மாட்டானாம். எட்டு ஆகிவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும் என்றால், அதுதான் காகிதத்தில் எழுதியிருக்கிறதே!

எக்கிள்ஸின் குரலில் பேசியவரும் அந்நாடகங்களை எழுதியவரும் ஒருவரே. அவர் ஸ்பைக் மில்லிகன். வானொலி, தொலைக்காட்சி, மேடை ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கிய நகைச்சுவைக் கலைஞர். கனவில் நிகழ்வன போன்ற நிகழ்ச்சிகளை நடுப்பகலில் நடத்திக் காட்டும் சர்ரியலிசப் பாணியை ஆங்கில நகைச்சுவையில் வேரூன்றச் செய்தவர். அவருடைய நகைச்சுவை பொருளற்ற பிதற்றல் என்று அன்று பலர் கருதினர். முதன்முறை கேட்டபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஊன்றிக் கேட்கக் கேட்க, அந்தப் பிதற்றலுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை உணர்ந்தேன். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாசறையின் பிள்ளை

மில்லிகன் பிறந்தது நம் நாட்டில்தான். 1918 ஏப்ரல் 16ஆம் நாள் அகமதுநகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெரன்ஸ் ஆலன் மில்லிகன். தந்தை அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியாற்றியவர். புனேயிலும் ரங்கூனிலும் இளமையைக் கழித்த சிறுவன், 1930களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றான். அங்கு ட்ரம்பெட் வாசிக்கப் பழகினான். ஸ்பைக் ஜோன்ஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் பெயரிலிருந்து ‘ஸ்பைக்’ என்பதைத் தன் பெயராக்கிக் கொண்டான்.

இரண்டாம் உலகப் போரில் மில்லிகன் பீரங்கிப் படை வீரராக வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றினார். வட ஆப்பிரிக்காவில் ஒரு நாள் அவருடைய படையின் பீரங்கி ஒன்று மேட்டிலிருந்து உருண்டு, கீழே வேறொரு படைப்பிரிவினர் இருந்த வண்டிக்கருகே விழுந்தது. சற்று நேரத்தில் மில்லிகன் அவ்வண்டிக்குள் தலையை நீட்டி, இங்கே யாராவது ஒரு பீரங்கியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தாராம். வண்டிக்குள் உயிர் தப்பி உட்கார்ந்திருந்தவர் ஹாரி சீகோம்ப். பிற்காலத்தில் மில்லிகனின் வானொலித் தோழராக விளங்கியவர் அவரே. இருவரும் ஆயுள் முழுவதும் சொல்லி மகிழ்ந்த கதை இது.

போர் கதையோடு முடியவில்லை. 1944 ஜனவரியில் இத்தாலியில் காசினோ போர்முனையில் மில்லிகன் குண்டுவீச்சில் காயமுற்றார். காலில் பட்ட காயம் ஆறிற்று. உள்ளத்தில் பட்டது ஆறவில்லை. கைகால் நடுங்க அழுதுகொண்டிருந்த அந்த வீரரை இராணுவம் பதவி இறக்கித் தண்டித்தது. ஒரு விதி இருக்கிறது. எதிரே நடுங்கும் மனிதன் ஒருவன் இருக்கிறான். அதிகாரி பார்த்தது விதியை மட்டுமே. காகிதத்தில் எழுதிய மணியை நம்பும் எக்கிள்ஸ் எங்கே பிறந்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

வானொலி: கண்ணில்லாத அரங்கு

போருக்குப்பின் இலண்டனில் ஜிம்மி கிராஃப்டன் என்பவர் நடத்திய மதுக்கடை ஒன்றில் மில்லிகன், சீகோம்ப், பீட்டர் செல்லர்ஸ், மைக்கேல் பென்டீன் ஆகிய நால்வரும் கூடிப் பேசிச் சிரித்தனர். அந்தச் சிரிப்பு 1951 மே 28ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் ஏறியது. முதலில் அதற்குப் ‘பைத்தியக்காரர்கள்’ என்று பொருள்படும் தலைப்பு இடப்பட்டது. அடுத்த ஆண்டே ‘தி கூன் ஷோ’ என்னும் பெயர் நிலைத்தது. பென்டீன் இரண்டு தொடர்களுக்குப்பின் விலகினார். மற்ற மூவரும் 1960 ஜனவரி வரை பத்துத் தொடர்களாக, இருநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினர்.

மேடையில் ஒரு பியானோவைக் கடலில் மிதக்கவிட இயலுமா? வானொலியில் இயலும். 1955இல் வந்த நிகழ்ச்சி ஒன்றில், ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகர்த்தினால் ஐந்து பவுன் கூலி என்ற விளம்பரத்தை நம்பிக் கதாநாயகன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். பிறகுதான் தெரிகிறது, முதல் அறை பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் அறை இங்கிலாந்தில் இருக்கிறது. பியானோ நெப்போலியனுடையது. ஒப்பந்தம் ஒப்பந்தமே. பியானோவின்மேல் ஏறி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறார்கள்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தொடக்கத்தில் உள்ள ஒரு செய்தி மட்டுமே பிசகானது. அதன்பின் எல்லாம் முறைப்படி நடக்கிறது. கணக்கில் முதல் வரியைத் தப்பாக எழுதிவிட்டு மற்ற வரிகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டால் விடை எவ்வளவு விந்தையாக வருமோ, அவ்வளவு விந்தை இதிலும் வருகிறது. அபத்தம் என்பது தர்க்கம் இல்லாமை அன்று, தர்க்கத்தை விடாமை.

கேட்பவர் மனத்தில் காட்சியை எழுப்புவதற்கு மில்லிகன் ஒலியையே தூரிகையாகக் கொண்டார். தகுந்த ஒலி கிடைக்கும்வரை பொறியாளர்களை விடமாட்டார். ஒரு முறை பி.பி.சி. சிற்றுண்டிச்சாலையில் கஸ்டர்டு செய்து தரச் சொல்லி வாங்கி, அதைத் தம் காலுறைக்குள் ஊற்றி, பலகையில் ஓங்கி அடித்து ஒலி எப்படி வருகிறது என்று பார்த்தாராம். பிற்காலத் தொடர்களில், 1958இல் தொடங்கப்பெற்ற பி.பி.சி.யின் மின்னொலிப் பட்டறையும் அவருக்குக் கைகொடுத்தது.

பாரிஸில் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம் 1953இல் மேடையேறியதை நாம் அபத்த நாடகத்தின் மைல்கல்லாகப் படிக்கிறோம். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, சாதாரணக் குடும்பங்களின் கூடங்களில் வானொலிப் பெட்டி வழியாக அபத்தம் நுழைந்துவிட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அந்தக் கூடங்களில் கேட்டு வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் புகழ்பெற்ற ஜான் லெனன்.

சிரிப்பின் விலை

வாரம் ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொன்றும் அரைமணி நேரம். அவற்றுள் பெரும்பாலானவற்றை மில்லிகன் தனித்தோ, லாரி ஸ்டீபன்ஸ், எரிக் சைக்ஸ் போன்றோருடன் சேர்ந்தோ எழுதினார். வாரந்தோறும் உலகத்தைத் தலைகீழாக்கிப் பார்க்கும் மூளை களைத்துப் போயிற்று. 1952ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மனம் முறிந்தது. கையில் கத்தியோடு செல்லர்ஸின் வீட்டுக்குச் சென்றவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்றாம் தொடரின் பல நிகழ்ச்சிகள் அவரது குரல் இல்லாமலே ஒலிபரப்பாயின.

தேறி வந்து மீண்டும் எழுதினார். ஆனால் உள்ளக் கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோய் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. மனநல மருத்துவர் ஆன்டனி கிளேருடன் சேர்ந்து மனச்சோர்வைப் பற்றி 1993இல் ஒரு நூலே வெளியிட்டார். பைத்தியம் என்ற சொல்லை வேடிக்கையாக வீசும் நம்மனோர்க்கு இஃது ஒரு பாடம். இவர் நோயுற்றதால் நகைச்சுவை எழுதினார் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. நோய் அவருக்கு எழுதாத வாரங்களைத் தந்தது. எழுதிய வாரங்களைத் தந்தவை உழைப்பும் கூர்மையுமே.

தொலைக்காட்சி: முடிவில்லாத காட்சிகள்

வானொலியில் கேட்போர் கற்பனை துணைநின்றது. தொலைக்காட்சியிலோ கண் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது. 1956இல் செல்லர்ஸுடன் சேர்ந்து, ரிச்சர்ட் லெஸ்டரின் இயக்கத்தில், மூன்று சிறு தொடர்களை நடத்திப் பார்த்த மில்லிகன், பின்னர் ஒரு வழி கண்டார். மறைக்க முடியாததை மறைக்காமல் காட்டிவிடுவது! 1969 மார்ச்சில் பி.பி.சி.யில் தொடங்கிய ‘க்யூ 5’ தொடரிலும், அதன்பின் 1980 வரை இடைவிட்டு வந்த க்யூ தொடர்களிலும், நடிகர்கள் ஆடைக் கிடங்கின் அட்டை தொங்கும் உடைகளோடே நடித்தனர். ஒரு காட்சி சுவையாகப் போய்க்கொண்டிருக்கும், முத்தாய்ப்பு வரும் என்று காத்திருப்போம், வராது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நடிகர்களே விழிப்பர். காட்சி அத்துடன் கலைந்துவிடும்.

நகைச்சுவைத் துணுக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற விதி அன்றுவரை கேள்வியின்றி நின்றது. மில்லிகன் அதைக் கைவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘மான்ட்டி பைத்தான்’ குழுவினர் இதைக் கண்டு திகைத்ததாகவும் வழி பெற்றதாகவும் பின்னர் ஒப்புக்கொண்டனர். அவர்கள் தேடிப்பிடித்த இயக்குநர் இயன் மக்நாட்டன், க்யூ 5ஐ இயக்கியவரே. உலகப்புகழ் பைத்தான் குழுவினர்க்குக் கிடைத்தது. க்யூ 5இன் நாடாக்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது.

மேடை: ஏட்டை மீறியவர்

ஜான் ஆன்ட்ரோபஸுடன் சேர்ந்து மில்லிகன் எழுதிய ‘தி பெட் சிட்டிங் ரூம்’ என்ற நாடகம் 1963இல் இலண்டன் மெர்மெய்ட் அரங்கில் மேடையேறியது. அணுகுண்டுப் போருக்குப் பிந்திய இங்கிலாந்து. ஃபோர்ட்னம் பிரபு தாம் மெல்லமெல்ல ஒரு வாடகை அறையாக மாறிவருவதாக மருத்துவரிடம் முறையிடுகிறார். அப்படியே மாறியும் விடுகிறார். மற்றவர்கள் அந்த அறையில் குடியேறுகிறார்கள்! உலகம் அழிந்த பின்னும் பழைய நடைமுறைகள் அழியவில்லை. சிரித்துக்கொண்டே படித்துவந்த எனக்கு, முடித்தபோது சிரிப்பு வரவில்லை.

1964இல் கோன்சரோவின் உருசிய நாவலைத் தழுவிய ‘ஒப்லோமோவ்’ நாடகத்தில், படுக்கையை விட்டு எழாத சோம்பேறியாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. நாடகம் நகைச்சுவை நாடகமன்று. முதல் இரவு மில்லிகன் வசனத்தை விட்டுத் தாமாகப் பேசலானார். நாடகம் தோற்றுவிடும் என்று எல்லோரும் எண்ணினர். ஆனால் நாளுக்கு நாள் அவர் புதிது புதிதாகப் பேச, கூட்டம் பெருகியது. ‘ஒப்லோமோவின் மகன்’ என்று தலைப்பே மாற்றப்பட்டு, நாடகம் வேறு பெரிய அரங்குக்குச் சென்று வெற்றிநடை போட்டது. எழுதிய ஏட்டை விடாது பற்றும் மாந்தரைப் படைத்தவர், மேடையேறியதும் தம் ஏட்டைக் கீழே போட்டுவிட்டார்.

எள்ளலின் எல்லை

குறையைச் சொல்லாவிடில் கட்டுரை முழுமை பெறாது. 1969இல் ஜானி ஸ்பெய்ட் எழுதிய ‘கறி அண்ட் சிப்ஸ்’ தொடரில் மில்லிகன் முகத்தில் மை பூசி, பாகிஸ்தானியத் தொழிலாளியாக நடித்தார். ஆறு நிகழ்ச்சிகளோடு அது நின்றது. இனவெறியைக் கேலி செய்வதே நோக்கம் என்று சொல்லப்பட்டாலும், கேலிக்கு ஆளானவர் அங்கு குடியேறிய எளிய மக்களே. கூன் நிகழ்ச்சிகளிலும் லால்காகா, பானர்ஜி என்ற இரு இந்தியர் இவ்வாறு வந்துபோவர். அவ்விடங்களில் என் சிரிப்பு நின்றுவிடுகிறது. மடமையைக் காட்டிய காட்சிகள் இன்றும் புதியனவாக இருக்க, எளியோரை எள்ளியவை பழசாகிவிட்டன. தொல்காப்பியர் நான்கையும் தனித்தனியே வைத்ததன் அருமை இங்குப் புலனாகிறது.

கல்லில் எழுதியது

வாழ்க்கையும் அவர் எழுதிய நாடகம் போலவே நடந்தது. பிரிட்டனுக்காகப் போரிட்டுக் காயமுற்றவருக்கு, 1960களின் தொடக்கத்தில் குடியுரிமை விதிகள் மாறியதால், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இயல்பாகக் கிடைக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து அயர்லாந்துக் குடிமகனானார். 2001இல் பிரிட்டன் அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தபோது, அயல்நாட்டார்க்கு உரிய முறையில் கௌரவப் பட்டமாகவே அளித்தது.

2002 பிப்ரவரி 27ஆம் நாள் மில்லிகன் மறைந்தார். வின்செல்சீ என்னும் ஊரின் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொன்னேனே என்பது அவர் விரும்பிய கல்லறை வாசகம். ஆங்கிலத்தில் அதைப் பொறிக்கத் திருச்சபை மறைமாவட்டம் இசையவில்லை. ஐரிஷ் மொழியில் பொறிக்க இசைந்தது. அதே சொற்கள், அதே கல்; மொழி மட்டும் வேறு. விதி காக்கப்பட்டது.

சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பது மாணவர்க்கு எளிது. தேர்வுக்கும் அது போதுமானது. ஆனால் நம் கையிலுள்ள காகிதத்தில் எட்டு என்று எழுதியிருக்கும்போது, தலையைத் தூக்கி வெயிலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மில்லிகனைக் கேட்டுச் சிரித்தபின் எனக்குத் தோன்றியது இதுவே.